புதுப்பிப்பு: மட்டக்களப்பில் ஓய்வுகால வீடு, கல்லடியா ஆரையம்பதியா?

ஓய்வுக்குப் பிறகு கொழும்பை விட்டு வந்து மட்டக்களப்பில் எங்கே வீடு வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆரையம்பதிப் பக்கம்தான் மனம் சாய்கிறது.

கல்லடியில் பார்த்தது அழகான வீடு. ஆனால் கடலுக்கு மிகக் கிட்ட. 2004 சுனாமி வந்த கரையில் மனைவிக்கு நித்திரை வராது.

மார்கழி மழைக்குள் போய்ப் பாருங்கள் என்றீர்களே, அது பெரிய உதவி. ஒரு வளவின் மதிலில் வெள்ளம் நின்ற கோடு முழங்கால் உயரத்துக்குத் தெரிந்தது. ஆரையம்பதி வீட்டில் முற்றம் காய்ந்திருந்தது, கிணற்றுத் தண்ணீரிலும் உவர்ப்பில்லை. கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் போதனா வைத்தியசாலை.

பிறகு, மலிவென்று பெர்மிட் காணிக்கு (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) ஆசைப்படாதீர்கள். அரச அனுமதியில்லாமல் கைமாற்ற முடியாது. ஆரையம்பதி வீடு இருப்பது உறுதிக் காணி, அதாவது உரிமைப் பத்திரம் உள்ள தனியார் காணி. நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) பழைய உறுதிகளைக் காணிப் பதிவகத்தில் தேடுகிறார். அது சரி வந்தால்தான் முற்பணம்.