மறு: மேத்தமெட்டிகல் டைல் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

'டெரஸ் ஹவுஸ்' (பக்கச் சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் வீடு) என்பதற்கு 'வரிசை வீடு' என்று முடிவானதில் எனக்கு மகிழ்ச்சி. 'மாடி வீடு' என்று போட்டிருந்தால் வாசிக்கிறவர் மொட்டை மாடியைத் தேடியிருப்பார். ஆனால் நாம் தமிழாக்கும் அதே கட்டுரையில் வரும் 'மேத்தமெட்டிகல் டைல்', அதாவது சுவரில் மாட்டினால் செங்கல் போலத் தெரியும் ஓடு, அதன் பெயரில்தான் எனக்குத் தயக்கம்.

> 'கணித ஓடு' என்றே வைத்துவிடலாமே?

வேண்டாம் என்பேன். இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் உள்ள ராயல் கிரசென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1798 முதல் 1807 வரை கட்டிய 14 வரிசை வீடுகள், பிறை வடிவில் கடலைப் பார்த்து நிற்கின்றன. முகப்பு முழுக்கக் கறுப்பு, பளபளவென்று மெருகிட்டது. யார் பார்த்தாலும் கறுப்புச் செங்கல் சுவர் என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அங்கே வெளியே தெரிவது ஓடு. இதில் கணக்கு எங்கே இருக்கிறது? 'கணித ஓடு' என்று படிக்கிற மாணவருக்கு ஒன்றுமே பிடிபடாது.

அந்த ஓடு எப்படி உட்காருகிறது என்று பார்த்தால் பெயர் தானாக வரும். சுவரில் மரச் சட்டங்களை (நம் ஊர் ரீப்பர்தான்) படுக்கையாக அடிக்கிறார்கள். ஓட்டின் மேல்பாதி மெல்லியது, அதில் ஆணி இறங்கும். கீழ்ப்பாதி தடித்து முன்னால் துருத்தியிருக்கும். மேல் வரிசை ஓடு கீழ் வரிசையின் மெல்லிய பாதியையும் ஆணியையும் மறைத்துவிடும். கடைசியில் வெளியே தெரிவது தடித்த பாதி மட்டும், அதுவும் அச்சு அசலாகச் செங்கல் அளவில். இடுக்குகளில் சுண்ணாம்புக் கலவை வைத்து இழுத்துவிட்டால் செங்கல் கட்டு போலவே இருக்கும். குட்டு வெளிப்படுவது பெரும்பாலும் மூலையில்தான். ஓடு அங்கே திரும்பாது என்பதால் பல வீடுகளில் ஒரு பலகையை நிறுத்தி மறைத்திருப்பார்கள்.

செங்கல் வரிக்குத் தப்பிக்கத்தான் இந்த ஓடு வந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். பரவலாகச் சொல்லப்படும் கதைதான், ஆனால் நிற்காது. 1784இல் பிரிட்டனில் செங்கல்லுக்கு வரி போட்டபோதே ஓட்டுக்கும் சேர்த்தே போட்டார்கள். மரச்சட்டச் சுவருக்குப் பாரம் ஏறாமல் செங்கல் தோற்றம் கிடைக்கிறது, மெருகு இருந்தால் உப்புக் காற்றையும் சாரலையும் தாங்குகிறது. இவை போதுமான காரணங்கள். அந்தக் காற்று லேசுப்பட்டதல்ல. இதே பிறைக்கு முன்னால் 1802இல் வேல்ஸ் இளவரசருக்கு (பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னர்) வைத்த சிலை அரித்துப்போய், ஒரு கையையே இழந்தது.

சரி, பெயருக்கு வருவோம். 'பொய்ச்செங்கல்' என்ற முன்மொழிவு காதுக்கு இனிமையாக இருக்கிறது. பொய்க்கால் குதிரை, பொய்க்கூரை என்று நமக்குப் பழகிய வழியும்கூட. ஆனால் தமிழில் கடைசியில் நிற்கும் சொல்தான் அது எந்த இனம் என்று சொல்லும். 'பொய்ச்செங்கல்' என்றால் அது செங்கல்லில் ஒரு வகை ஆகிவிடும். எங்கள் தெருக் கொத்தனாரிடம் படம் வரைந்து காட்டினேன். "ஆணி அடிச்சு மாட்டுறதுன்னா அது ஓடு சார், கல்லு இல்ல" என்றார். எனக்கு அதுவே தீர்ப்பு.

ஆகவே என் முன்மொழிவு: செங்கல்முக ஓடு. இனம் ஓடு, வெளியே காட்டும் முகம் செங்கல். இரண்டும் பெயரிலேயே இருக்கின்றன.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். கறுப்பு ஓட்டுக்குச் 'செம்மை' எப்படிப் பொருந்தும் என்பது ஒன்று. 'செங்கல்' என்ற சொல் நிறத்தைவிட்டு வெகுகாலம் ஆகிறது. சாம்பலில் செய்ததையும் செங்கல் என்றுதானே வாங்குகிறோம்? அடுத்தது புணர்ச்சி. கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆவதுபோல இது 'செங்கன்முக ஓடு' ஆக வேண்டும் என்பீர்கள். விதி சரிதான். ஆனால் 'செங்கன்' என்று கேட்டால் சிவந்த கண்தான் நினைவுக்கு வரும். கட்டடக்கலைப் பட்டியலில் அந்தக் குழப்பம் வேண்டாம், லகரம் அப்படியே இருக்கட்டும்.

சொற்றொடரில் வைத்துப் பாருங்கள்: 'கறுப்பு மெருகிட்ட செங்கல்முக ஓடு வேய்ந்த வரிசை வீடு.' இதில் 'வேய்ந்த' மட்டும் எனக்கு இடிக்கிறது. கூரைக்குத்தான் வேய்வோம், சுவருக்குப் 'போர்த்திய' என்று சொல்லலாமா? இந்த ஒன்றுக்கு மட்டும் உங்கள் கருத்து வேண்டும்.