பார்வையாளர் கூடவில்லை, பேண்ட்விட்த் மட்டும் தீர்ந்துபோகிறது: எங்கே தேடுவது?

போடி_விலைப்பலகை:

அனைவருக்கும் வணக்கம். போடிநாயக்கனூரிலிருந்து ஏலக்காய் விலை விவரம் தரும் சிறிய இணையதளம் ஒன்றை நடத்தி வருகிறேன். போடியிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் நடைபெறும் மின்னணு ஏலங்களின் வரத்து, விற்பனையான அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை ஆகியவை அடங்கிய பட்டியலை, ஏலம் முடிந்த கையோடு படமாக ஏற்றுவதே தளத்தின் முதன்மையான வேலை. வண்டன்மேடு, கட்டப்பனை, நெடுங்கண்டம் பகுதிகளில் தோட்டம் வைத்திருப்பவர்களும், குமுளி, கம்பம், போடி வியாபாரிகளுமே பெரும்பாலான வாசகர்கள்.

என்னுடைய ஹோஸ்டிங் (தளத்துக்கான சர்வர் வாடகை) திட்டத்தில் மாதத்துக்கு 50 ஜி.பி. பேண்ட்விட்த் உண்டு. வழக்கமாக 15 ஜி.பி.க்குள் முடிந்துவிடும். இந்த மாதம் பாதிதான் ஆகியிருக்கிறது, அதற்குள் 40 ஜி.பி. செலவாகிவிட்டதாக எச்சரிக்கை மடல் வந்திருக்கிறது. வருபவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸிலோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 பேர் என்ற பழைய கணக்கில் எந்த மாற்றமும் இல்லை. ஹோஸ்டிங் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், தளம் வளர்ந்துவிட்டது, அடுத்த திட்டத்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் கிடைக்கவில்லை. பணம் கட்டுவதற்கு முன் இந்த 40 ஜி.பி. எங்கே போனது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். அதை எப்படிப் பார்ப்பது?

குமுளி_சாலை:

இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. கிளவுட்ஃபிளேரில் இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கித் தளத்தை அதன் வழியாகத் திருப்பிவிடுங்கள். படங்கள், பி.டி.எஃப். கோப்புகள் முதலியவற்றை அவர்களுடைய சர்வர்களே வைத்திருந்து கொடுத்துவிடுவதால், உங்கள் ஹோஸ்டிங் கணக்கில் ஏறும் அளவு பெரிதும் குறைந்துவிடும். எங்கள் தங்கும் விடுதித் தளத்தை அப்படித்தான் நடத்துகிறோம், இதுவரை எந்தத் தொல்லையும் இல்லை.

கொழிஞ்சாம்பாறை_சர்வர்:

மேலே சொல்லப்பட்ட வழி பல தளங்களுக்குப் பொருந்தும் என்றாலும், எது தின்கிறது என்று தெரியாமல் அதைச் செய்தால், பலன் இல்லாதபோது காரணமும் தெரியாமல் போகும். ஆகவே முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

ஹோஸ்டிங் திட்டங்களில் பேண்ட்விட்த் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இணைப்பின் வேகத்தைக் குறிப்பதில்லை. ஒரு மாதத்தில் சர்வருக்கும் வெளியுலகுக்கும் இடையே போய்வந்த தரவின் மொத்த அளவையே குறிக்கிறது. 50 ஜி.பி.யை முப்பது நாளைக்குச் சீராகப் பரப்பினால் வினாடிக்குச் சராசரியாக 0.2 மெகாபிட் கூட வராது என்பதைப் பார்த்தால், வேகமும் ஒதுக்கீடும் எவ்வளவு வேறு வேறு என்பது விளங்கும். உங்கள் வழக்கமான 15 ஜி.பி. நியாயமான அளவுதான். 200 பேர் நாள்தோறும் ஒருமுறை வந்து, பக்கம் படங்களோடு சேர்த்து 2.4 எம்.பி. இருக்குமானால், நாளுக்கு 480 எம்.பி., மாதத்துக்கு 14.4 ஜி.பி. ஆகிறது. எனவே பாதி மாதத்தில் 7 ஜி.பி. போக மீதி 33 ஜி.பி.க்குத்தான் ஆளைத் தேட வேண்டும்.

அனலிட்டிக்ஸை இதற்கு நம்ப முடியாது. வருபவரின் பிரவுசரில் அதன் ஜாவாஸ்கிரிப்ட் இயங்கினால்தான் அது எண்ணும். அந்த நிரலை இயக்காமல் பக்கத்தை மட்டும் இழுத்துச் செல்லும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்), படத்தின் முகவரியை நேரடியாக அழைக்கும் வேறு தளங்கள், பி.டி.எஃப்.ஐ நேரே திறப்பவர்கள் ஆகியோர் யாரும் அதன் கணக்கில் வரமாட்டார்கள். வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் பதிந்துவைக்கும் சர்வரின் ஆக்சஸ் லாக்கில் மட்டுமே எல்லாம் இருக்கும்.

சி-பேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள ஹோஸ்டிங் என்றால் முதலில் பேண்ட்விட்த் என்ற பகுதியைத் திறந்து, செலவு ஹெச்.டி.டி.பி. (பிரவுசர் முதலியவை பக்கங்களைப் பெறும் வழி) வழியானதா, எஃப்.டி.பி.யா (கோப்புகளை ஏற்றி இறக்கும் வழி), மின்னஞ்சலா என்று பாருங்கள். முழு பேக்கப்பை எஃப்.டி.பி. வழியாக வாரந்தோறும் இறக்கிக்கொள்பவர்களும், அதே கணக்கின் மின்னஞ்சலிலிருந்து பெரிய இணைப்புகளை நூற்றுக்கணக்கானவர்களுக்கு அனுப்புபவர்களும் இந்த இடத்திலேயே விடையைக் கண்டுவிடுவார்கள். ஹெச்.டி.டி.பி.தான் என்றால், லாக்கைத் தொகுத்துக் காட்டும் ஏடபிள்யூஸ்டாட்ஸுக்குச் செல்லுங்கள். அதில் பார்க்கப்பட்ட போக்குவரத்து, பார்க்கப்படாத போக்குவரத்து என இரண்டு வரிசைகள் இருக்கும். பாட்கள் என்று அடையாளம் தெரிந்தவற்றின் செலவு இரண்டாவது வரிசையில் சேரும். அது வீங்கியிருந்தால், எந்தப் பாட் என்று பார்த்து ரோபாட்ஸ் (robots.txt) கோப்பில் தடை எழுதலாம். ஆனால் அந்தக் கோப்பு ஒரு வேண்டுகோள் மட்டுமே. மதிக்காதவற்றை சர்வர் விதியால்தான் நிறுத்த வேண்டும். முதல் வரிசை வீங்கியிருந்தால், ஹோஸ்ட்கள் பட்டியலில் ஒவ்வொரு இணைய முகவரிக்கும் நேரே பக்கங்கள், ஹிட்ஸ் (படங்கள் உட்பட எல்லாக் கோப்புக் கோரிக்கைகளும்), பேண்ட்விட்த் என்று மூன்று எண்கள் இருக்கும். அவற்றுள் பேண்ட்விட்த் அதிகமுள்ள முதல் சில வரிகளை இங்கே எழுதுங்கள், முகவரிகளை மட்டும் மறைத்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். லாக்கில் உள்ள பைட்டுகளைக் கூட்டினால் வரும் தொகையும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் தொகையும் அச்சாகப் பொருந்தாது. லாக்கில் வழக்கமாகக் கோப்பின் அளவு மட்டுமே பதிவாகும், ஒவ்வொரு பதிலோடும் கூடவே போகும் தலைப்புத் தகவல்கள் சேராது. தவிர, 1000 எம்.பி.யை ஒரு ஜி.பி. என்பவர்களும் உண்டு, 1024 என்பவர்களும் உண்டு. இன்னொன்று, சந்தேகத்துக்குரிய முகவரி என்று எதையும் அவசரப்பட்டுத் தடை செய்யாதீர்கள். கைபேசி நிறுவனங்களின் இணைப்பில் ஏராளமான பேர் ஒரே முகவரியின் பின்னால் இருப்பார்கள். ஒன்றை அடைத்தால் நெடுங்கண்டத்தில் பாதித் தோட்டக்காரர்களுக்குத் தளம் திறக்காமல் போகலாம்.

போடி_விலைப்பலகை:

மிக்க நன்றி ஐயா. மின்னஞ்சலும் எஃப்.டி.பி.யும் சொற்பமே, ஏறக்குறைய எல்லாமே ஹெச்.டி.டி.பி. பார்க்கப்படாத போக்குவரத்து 2 ஜி.பி.க்குள் இருக்கிறது. ஹோஸ்ட்கள் பட்டியலில் முதல் மூன்று முகவரிகள் மற்ற எல்லாவற்றையும் விட மிகவும் உயரத்தில் நிற்கின்றன. முதல் வரி அப்படியே: பக்கங்கள் 13, ஹிட்ஸ் 6,251, பேண்ட்விட்த் 10.4 ஜி.பி. அடுத்த இரண்டும் அதையே ஒட்டியிருக்கின்றன. வாசகர் யாரும் இப்படிப் பார்க்க வாய்ப்பில்லை என்பதால் இது ஏதேனும் தாக்குதலாக இருக்குமோ என்று அஞ்சுகிறேன்.

செங்கோட்டை_நிரல்:

தாக்குதல் இல்லை தம்பி. தாக்குபவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எடுப்பதில்லை. பக்கங்கள் 13 என்பது இந்த மாதத்தில் இதுவரை ஏலம் நடந்த நாள்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 6,251 ஹிட்ஸை 13 ஆல் வகுத்தால் நாளுக்கு 480 சொச்சம் வருகிறது. 480 நிமிடம் என்பது சரியாக எட்டு மணி நேரம். அதாவது ஒருவர் காலையில் பக்கத்தை ஒருமுறை திறந்துவைத்து, மாலை கடை அடைக்கும்வரை மூடாமல் விடுகிறார். நிமிடத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு கோப்பு மறுபடி இறங்குகிறது. உங்கள் பக்கத்தில் விலைப்பட்டியல் படத்தைத் தானாகப் புதுப்பிக்கும் நிரல் எதுவும் இருக்கிறதா? சி-பேனலின் ரா ஆக்சஸ் பகுதியிலிருந்து ஒரு நாள் லாக்கை இறக்கி, அந்த முகவரி வரும் நான்கைந்து வரிகளைப் பாருங்கள்.

போடி_விலைப்பலகை:

நீங்கள் சொன்னது அப்படியே சரி. ஏலம் நடந்த நாள்கள் 13தான். அந்த மூன்று முகவரிகளுள் ஒன்று, நிலையான இணைய முகவரி வாங்கியிருக்கும் தெரிந்த வியாபாரியின் அலுவலகம். தொலைபேசியில் கேட்டபோது, சென்ற மாதக் கடைசியில் சுவரில் பெரிய திரை ஒன்றை மாட்டி, நம் பக்கத்தை விலைப்பலகையாக நாள் முழுவதும் ஓடவிட்டிருப்பதாக மகிழ்ச்சியோடு சொன்னார். மற்ற இரண்டும் அவரைப் பார்த்துச் செய்தவையாகவே இருக்க வேண்டும்.

லாக்கில் ஒவ்வொரு நிமிடமும் விலைப்பட்டியல் படத்தின் பெயர் வருகிறது. பெயரின் இறுதியில் ஒரு கேள்விக்குறியும், அதையடுத்துப் பதின்மூன்று இலக்க எண் ஒன்றும் ஒட்டியிருக்கின்றன. அந்த எண் மட்டும் வரிக்கு வரி மாறுகிறது. அதன் பிறகு 200 (கேட்டது அனுப்பப்பட்டது என்ற குறியீடு), பிறகு 18 லட்சம் பைட். தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவர் இப்படி ஒரு நிரலைச் சேர்த்திருப்பது இப்போதுதான் தெரிகிறது. பழைய விலை தெரியக்கூடாது என்று நான்தான் அப்போது வற்புறுத்திக் கேட்டிருந்தேன்.

செங்கோட்டை_நிரல்:

அந்தப் பதின்மூன்று இலக்கம் மில்லி வினாடிக் கணக்கில் எழுதப்பட்ட நேரம். பெயரின் வால் ஒவ்வொரு முறையும் மாறுவதால், பிரவுசர் அதை முன்பு பார்த்திராத புதிய படமாகவே கருதி முழுதாக இறக்குகிறது. 1.8 எம்.பி. படம், நாளுக்கு 480 முறை: ஒரு திரைக்கு 864 எம்.பி. மாதத்தில் 25 ஏல நாள் என்று வைத்தால் ஒரு திரை மட்டுமே 21 ஜி.பி.க்கு மேல் குடித்துவிடும். அடுத்த திட்டத்துக்கு மாறியிருந்தாலும், குமுளியில் இன்னும் நாலு கடைக்காரர்கள் திரை மாட்டினால் அதுவும் போதாமல் போயிருக்கும்.

குமுளி நண்பர் சொன்ன கிளவுட்ஃபிளேரும் இந்த நிலையில் கைகொடுத்திருக்காது. அதன் இயல்பான அமைப்பில் கேள்விக்குறிக்குப் பின் வருவதும் முகவரியின் பகுதியாகவே கொள்ளப்படும் என்பதால், அதுவும் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் சர்வரையே வந்து கேட்டிருக்கும்.

நிரலில் அந்த நேர எண்ணை நீக்கிவிட்டு, படத்தோடு சர்வர் அனுப்பும் கேஷ் கன்ட்ரோல் (சேமிப்பு விதி) தலைப்பில் 'நோ-கேஷ்' என்று இடுங்கள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம்: அதன் பொருள் சேமித்து வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறையும் மாறியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காட்டு என்பதே. சேமிக்கவே கூடாது என்பதற்கு 'நோ-ஸ்டோர்' என்று வேறொன்று இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் தொழிலிலேயே நிறையப் பேர். படம் மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று சில நூறு பைட்டில் பதில் சொல்லி முடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாலும் ஒரு திரைக்கு நாள் முழுவதற்கும் ஒரு எம்.பி. கூட ஆகாது. நிரலை மாற்றியதும் அந்த மூன்று அலுவலகங்களிலும் பக்கத்தை ஒருமுறை ரெஃப்ரெஷ் செய்யச் சொல்லுங்கள். திறந்தே கிடக்கும் பக்கத்தில் பழைய நிரல்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

என்னைக் கேட்டால் படமே வேண்டாம். ஐந்தாறு எண்களைக் காட்ட 18 லட்சம் பைட் எதற்கு? அதே பட்டியலை எழுத்தாக, ஒரு ஹெச்.டி.எம்.எல். அட்டவணையாக இட்டால் சில கே.பி.யில் முடியும், அதிலும் ஜிசிப் சுருக்கம் நன்றாகவே வேலை செய்யும். ஜேபெக் படங்களும் பி.டி.எஃப். கோப்புகளும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்பதால் ஜிசிப்பால் அவற்றில் பெரிதாக ஒன்றும் குறையாது. மலையில் சிக்னல் ஒரு கோடு மட்டும் வரும் இடத்திலிருந்து பார்ப்பவர்களுக்கும் எழுத்துதான் உதவும்.

குமுளி_சாலை:

கேள்விக்குறி விஷயம் எனக்குப் புதிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வால் நீக்கிய பிறகு கிளவுட்ஃபிளேரைப் பயன்படுத்தினால் நல்லதுதானே?

கொழிஞ்சாம்பாறை_சர்வர்:

நல்லதுதான், ஆனால் இந்தத் தளத்துக்கு இப்போது அது அவசியம் இல்லை. நோ-கேஷ் என்று தலைப்பு இட்ட படத்தை அவர்களும் நம் சர்வரைக் கேட்காமல் கொடுக்கமாட்டார்கள். ஆகவே மாறாத மற்ற படங்களுக்கு மட்டுமே பலன் கிடைக்கும்.

கண்காணிப்பைப் பற்றி ஒன்று. எச்சரிக்கை மடலுக்காகக் காத்திருக்க வேண்டாம். மாதத்தின் பத்தாம் தேதியன்று ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் அன்றே ஹோஸ்ட்கள் பட்டியலைத் திறந்து பாருங்கள். மாதம் தொடங்குவது ஒன்றாம் தேதியா, பணம் கட்டிய தேதியா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடினால், நமக்கு அதிகாலை 5.30க்குத்தான் நாள் மாறும். ரா ஆக்சஸ் பகுதியில் லாக்குகளைச் சேமித்து வைக்கும் தேர்வையும் இட்டுவிடுங்கள்; இல்லையெனில் தேவைப்படும் நேரத்தில் பழையவை கையில் இருக்காது.

போடி_விலைப்பலகை:

நேர எண்ணை நீக்கித் தலைப்பையும் மாற்றிவிட்டேன். இன்று லாக்கில் அந்த அலுவலகத்தின் வரிகளில், மதியம் புதிய பட்டியலை ஏற்றிய நிமிடத்தைத் தவிர, வரிசையாக 304 தான் நிற்கிறது. அட்டவணையாக மாற்றும் வேலையை ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன். கடைசியாக ஒன்று: அன்லிமிடெட் பேண்ட்விட்த் என்று விளம்பரம் செய்யும் திட்டங்களை நம்பலாமா? புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது.

கொழிஞ்சாம்பாறை_சர்வர்:

பரிமாற்ற அளவை எண்ணமாட்டோம் என்பதுதான் அதன் பொருள். ஆனால் சி.பி.யு. பயன்பாடு, ஒரே நேரத்தில் இயங்கும் புராசஸ்களின் எண்ணிக்கை, கோப்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு வரம்பு இருக்கும். நியாயமான பயன்பாடு என்றொரு விதியும் ஒப்பந்தத்தில் இருக்கும். அவற்றைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் இப்போதைய திட்டத்தில் மாதம் 15 ஜி.பி.க்குள் நிற்குமானால் அதையே புதுப்பித்துக்கொள்ளலாம்.