நெடுங்கால மறியல் (சிறை) இருந்து வந்தவர்கள்: நீங்கள் கண்டதை எழுதுங்கள்

பரந்தனில் தளபாடப் பட்டறை வைத்திருப்பவர்:

வன்னியில் ஒருவர் மறியலில் இருந்து வந்தவர் என்றால், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டவர் என்றுதான் சனம் முதலில் நினைக்கும். உடனே இரக்கமும் மரியாதையும் வந்துவிடும். என்னிடம் வேலை செய்யும் அண்ணனுக்கும் அந்த மரியாதை கேட்காமலே கிடைக்கிறது. அவர் அதை ஏற்பதில்லை. கதவு அளவெடுக்கப் போன வீட்டில் ஓர் அம்மா தேநீர் கொடுத்து, "எங்கள் பிள்ளைகளை எத்தனை வருடம் அடைத்து வைத்தார்கள்" என்று கண்கலங்கினார். இவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இல்லை அம்மா, நான் காணிச் சண்டையில் ஒருவரை வெட்டிவிட்டு உள்ளே போனவன்."

அந்த வேலை எங்களுக்குக் கிடைக்கவில்லை. வழியெல்லாம் நான் கோபத்தோடுதான் வந்தேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "முதல் ஏழெட்டு வருடம் செத்தவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன், தம்பி. அவர் வாயைக் கொடுத்திராவிட்டால் நான் வெட்டியிருப்பேனா என்று. அந்தப் பேச்சு ஒருநாள் எனக்கே அலுத்துப்போனது."

அவருக்கு விதித்தது மரண தண்டனை. இலங்கையில் 1976க்குப் பிறகு எவரையும் தூக்கிலிடவில்லை. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்பாகவே கிடக்கும். என்றைக்கு வெளியே போவோம் என்று கணக்குப் போடவும் நாள் இல்லை. பிறகு அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. தச்சுப் பகுதியில் ஒரு சிங்களக் கைதி, வயதானவர், வேலையையும் மொழியையும் சேர்த்தே கற்றுக்கொடுத்தார். இங்கிலாந்தில் இளவயதிலேயே ஆயுள் தண்டனை பெற்றவர்களைப் பற்றிக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பென் குரூ முதலான ஆய்வாளர்கள் செய்த ஆய்வும் ஏறத்தாழ அண்ணன் சொன்னதைத்தான் சொல்கிறது: தொடக்க வருடங்களில் மறுப்பும் ஆத்திரமும், காலம் போகப்போக, செய்ததை ஏற்றுக்கொண்டு மிச்ச வாழ்க்கைக்கு ஒரு பொருள் தேடுவது.

மாலையில் உளிகளைத் துடைத்து, அகல வரிசையில் சாக்கில் அடுக்கி, எண்ணிய பிறகுதான் வீட்டுக்குப் புறப்படுவார். உள்ளே உளிக் கணக்கு சரிவராமல் எவரையும் பட்டறையை விட்டு வெளியே விடமாட்டார்களாம். ஒருநாள் அரையங்குல உளியைக் காணவில்லை. மரத்தூள் முழுவதையும் கையால் அளைந்து, இருட்டிய பிறகு எடுத்துவிட்டுத்தான் போனார்.

களவாக மணல் ஏற்றுகிறவர்கள் அவரைத் தேடி வந்திருக்கிறார்கள். வேலை ஒன்றும் இல்லை, டிப்பருக்குப் பக்கத்தில் நின்றால் போதும் என்றார்களாம். கொலை செய்தவர் என்ற பெயருக்கு அவ்வளவு விலை. என்னிடம் அவர் வாங்கும் நாட்கூலியைவிட அது பல மடங்கு. போகவில்லை.

வவுனியாவிலிருந்து ஓர் ஆசிரியை:

அண்ணா, நீங்கள் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் நீண்ட மறியல் ஆளைத் திருத்தும் என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பெரியம்மாவின் மகனும் அப்படித்தான் இருந்து வந்தவன். போரால் பூட்டிக்கிடந்த ஏ9 பாதை (கண்டி–யாழ்ப்பாணம் வீதி) 2002இல் திறந்ததும் பெரியம்மா விசுவமடுவிலிருந்து கண்டிக்குப் போய் அவனைப் பார்த்து வந்தார். 2006இல் பாதை மறுபடி பூட்டியது. பிறகு அவர் அவனைப் பார்க்கவேயில்லை; 2009இல் போரில் செல் (எறிகணை) விழுந்து இறந்துபோனார். அவன் இப்போது எந்த வம்புக்கும் போவதில்லை, உண்மைதான். ஆனால் கடையில் எந்தச் சவர்க்காரம் வேண்டும் என்று கேட்டால், பதில் சொல்லத் தெரியாமல் என் முகத்தைப் பார்க்கிறான். ஐம்பது வயது ஆணுக்கு இது திருந்துதலா? உங்கள் அண்ணனை மாற்றியது வருடக்கணக்கல்ல. வேலை கற்றுக்கொடுத்த அந்த வயதானவரும், உளியை நம்பிக் கையில் கொடுத்த நீங்களும்தான். எங்கள் பக்கத்தில் கசிப்பு (கள்ளச் சாராயம்) வழக்கில் விளக்கமறியலுக்குப் போய்ப்போய் வரும் பொடியன்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை. ஒவ்வொரு முறையும் புதுக் கூட்டாளிகளோடுதான் வருகிறார்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

பட்டறை அண்ணா, எங்கள் ஊரவர் ஒருவர் அடுத்த மாதம் அனுராதபுரச் சிறையிலிருந்து வருகிறார். அவரும் தச்சு வேலைதான். பொலிஸ் நற்சான்று கேட்டால் அவரால் கொடுக்க முடியாது. உங்களிடம் இடம் இருக்கிறதா? இல்லாவிட்டால் மாங்குளம் பக்கம் கேட்டுச் சொல்ல முடியுமா?