கிளினிக், வாட்டு, மருந்துத் துண்டு: திருகோணமலைக்காரர் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

உப்புவெளி, ஆசிரியை:
அம்மாவுக்குச் சீனியும் பிரஷரும். மாதாமாதம் கிளினிக். டொக்டர் எட்டரைக்குத்தான் வருவார், ஆனால் விடிவதற்குள் போய்க் கொப்பியை மேசையில் அடுக்காவிட்டால் மத்தியானம் ஆகிவிடும். போன மாதம் ஒரு ஐயா தன் இடத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். வந்து பார்த்தால் செருப்பு சுவரோரம் கிடக்கிறது. அதற்கு ஒரு சண்டை, மிஸ்ஸி (தாதி) வந்து விலக்க வேண்டியதாயிற்று.

டொக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு கூட்டத்திலும் குனிந்து அம்மாவின் பாதத்தை அழுத்திப் பார்த்தார். மருந்து கொடுக்கும் இடத்தில்தான் பிரச்சினை. சீனிக்கு மெட்ஃபோர்மின் தந்தார்கள், பிரஷர் குளிசைக்கு “வெளியில எடுங்கோ” என்று துண்டு. மூன்று மாதச் சீனிச் சோதனையும் வெளியில்தான். ஆட்டோக் காசையும் சேர்த்தால் இதில் எது இலவசம்? ஆளுக்கு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு மருந்தை ஒழுங்காகத் தந்தால் என்ன என்று தோன்றுகிறது.

மூதூர், மீன் வியாபாரம்:
டீச்சர், நூறு ரூபாய் உங்களுக்குப் பெரிதில்லை. வாடைக்காற்றில் தோணி இறங்காத கிழமைகளில் எங்கள் பக்கம் வந்து கேட்டுப் பாருங்கள்.

வாப்பாவுக்கு ஒருநாள் இரவு நெஞ்சு நோவு வந்தது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தோம். எந்தப் பள்ளிவாசலுக்குப் பக்கம், எந்த ஒழுங்கை என்று போனிலேயே கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வந்த பொடியன் வாசலிலேயே ஒட்சிசன் போட்டான். ஐந்து சதம் வாங்கவில்லை. இந்தச் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது, எங்கள் பக்கத்துக்குப் பிந்தித்தான் வந்தது. அதற்கும் பல வருடம் முன்னால் பாலங்களும் இல்லை. பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கிற மிதவையில், ஏறி ஏறி இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கொட்டியாரக் குடாவைத் தாண்ட லோஞ்சு. இரவில் நோவு வந்தவர் விடியும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

உயிர் தப்பினார், அல்ஹம்துலில்லாஹ். பிறகு நெஞ்சுக் குழாய் அடைப்பைப் பார்க்கிற அஞ்சியோகிராமுக்குக் கண்டிக்குத் துண்டு தந்தார்கள், திகதி பல மாதம் தள்ளி. அங்கே சோதனைக்குக் காசில்லை என்பது உண்மை. ஆனால் வேன் கூலிக்கும், கூட வந்தவர்கள் தங்கிச் சாப்பிட்டதற்கும் உம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. எங்களுக்கு மருந்தைவிடத் தூரம்தான் செலவு.

நிலாவெளி, ஓய்வுபெற்ற மருந்தாளர்:
காசு வாங்கிப் பார்த்த நாடுதான் இது. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கத் தொடங்கி, 1977இல் அதை எடுத்தும் விட்டார்கள். அந்தக் காசால் மருந்து அலுமாரி நிரம்பவில்லை, தங்கச்சி. நம் மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது பேராதனை ஆஸ்பத்திரியில் அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளையே நிறுத்தி வைத்தார்கள். உங்கள் நூறு ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மருந்துக் கப்பல் வந்துவிடுமா?

உள்ளே இருந்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் அடுத்த வருடத்துக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று எஸ்டிமேட் கொடுக்க வேண்டும். இந்த வருடம் எவ்வளவு போனது என்பதை வைத்துத்தான் அதை எழுதுவோம். ஊர்ச்சனம் சின்ன ஆஸ்பத்திரியைத் தாண்டிப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினால் சின்னதின் எஸ்டிமேட் சுருங்கும். அப்புறம் அங்கே மருந்து சீக்கிரம் முடியும், மிச்சப் பேரும் ஓடுவார்கள். பின்னேரங்களில் நான் சும்மா இருந்து பத்திரிகை வாசித்திருக்கிறேன். அதே நேரம் டவுனில் வரிசை வாசல்வரை நின்றிருக்கும். பெரியாஸ்பத்திரியைச் சுற்றியுள்ள சின்ன ஆஸ்பத்திரிகளை ஒரு கொத்தாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் இன்ன ஊர்ச்சனம் என்று பிரித்துக் கொடுக்க 2018இலேயே கொள்கை எழுதினார்கள். எழுதியது நல்லதுதான். ஆனால் சின்ன ஆஸ்பத்திரியில் ஆய்வுகூடம் இல்லாமல் சனம் எதை நம்பித் திரும்பி வரும்?

கிண்ணியா:
கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது, பிறகு பல வருடமாகத் தேர்தலே இல்லை. ஊர் ஆஸ்பத்திரிகள் அநேகம் மாகாணத்தின் கீழ். யாரைப் பிடித்துக் கேட்பது? கடிதம் கொடுத்தால் முத்திரை குத்தி வாங்கி வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

உப்புவெளி, ஆசிரியை:
சரி, நூறு ரூபாயை விடுவோம் ஐயா. ஆனால் கொப்பியில் “ஒன்பதரைக்கு வாருங்கள்” என்று எழுதித் தர டொலர் வேண்டாமே? எல்லாரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லிவிட்டுச் சனம் நெரிக்கிறது என்று சனத்தையே ஏசுகிறார்கள்.

நிலாவெளி, ஓய்வுபெற்ற மருந்தாளர்:
நேரம் எழுதிக் கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன. அது அந்தந்த இடத்துப் பொறுப்பாளரின் கையில். அம்மாவுக்குச் சீனி கட்டுப்பாட்டில் இருந்தால், பக்கத்து ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு மாற்றித் தரச் சொல்லி டொக்டரிடமே கேளுங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள், யாரும் கேட்பதில்லை.

உப்புவெளி, ஆசிரியை:
கண்ணும் அங்கேயே பார்ப்பார்களா?

நிலாவெளி, ஓய்வுபெற்ற மருந்தாளர்:
இல்லை. கண்ணுக்குப் பெரியாஸ்பத்திரிதான். செருப்பையும் கொண்டு போங்கள்.