மாசம் 3000 ரூபாய்ல ஆன்லைன் ஏலத்துல பழங்காசு வாங்க முடியுமா?

தக்கலைக்காரன்:
அண்ணன்மாருக்கு வணக்கம். வீட்ல தாத்தா வச்சிருந்த திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரமும் சங்கு போட்ட செம்புக்காசும் கொஞ்சம் கெடக்கு, அதப் பாத்துப் பாத்து இப்ப இன்னும் பழசு சேக்கணும்னு கிறுக்கு புடிச்சிருக்கு. ராஜராஜன் காசு, ரோமன் காசு, அப்படி. மாசம் 3000க்கு மேல எனக்கு முடியாது. ஆனா ஏலத்துல பிட் போட்டா கடைசி நிமிஷத்துல எவனாவது ஏத்திட்டுப் போறான், ஜெயிச்சாலும் பில்லு வரும்போது நெனச்சதவிட ஒருபாடு கூடுதலா நிக்குது. எத வாங்கலாம், எங்க நிறுத்தணும்? அப்புறம் வாட்ஸப்ல ஒருத்தர் வீரராயன் தங்கப்பணம்னு ஒரு சின்னத் தங்கக்காசு 1500க்கு தாறேங்கார், வாங்கலாமா?

வேளிமலை:
தம்பி, பிட் போடுறதுக்கு முன்னாடியே கணக்க பின்னாலேர்ந்து போடணும் கேட்டியா. ஏலத்துல விழுற விலைக்கு மேல பையர்ஸ் பிரீமியம்னு கம்பெனிக்காரன் ஒரு பங்கு எடுப்பான், அதுக்கு ஜிஎஸ்டி, அப்புறம் கொரியர். எவ்வளவுன்னு ஒவ்வொரு இடத்துலயும் மாறும், டெர்ம்ஸ் பக்கத்த முழுசா படி. ஒரு பேச்சுக்கு கொரியர் 200, பிரீமியமும் வரியுமா 25 சதவீதம்னு வையி. 3000ல 200 கழிச்சா 2800, அத 1.25ஆல வகுத்தா 2240. உனக்கு மேக்ஸிமம் 2240தான், அதுக்கு மேல ஒத்த ரூபாய் போடாத. அந்தத் தொகைய பிராக்ஸி பிட்டா, அதாவது அதுவரைக்கும் சிஸ்டமே உனக்காக ஏத்திக் கேக்குற மாதிரி, மொதல்லயே போட்டுட்டு போய் சாயா குடி. கடைசி நிமிஷத்துல உக்காந்து போட்டி போட்டா கைதான் அரிக்கும், மேல பல ஏலத்துல கடைசி நேரத்துல பிட் விழுந்தா நேரமும் தானா நீளும், அதுனால ஒளிஞ்சிருந்து அடிக்கிற வேலையும் நடக்காது.

வெளிநாட்டு ஏலம் இப்போதைக்கு வேண்டாம்னு சொல்லுவேன். காசு சீப்பாத்தான் இருக்கும், ஆனா யூரோ, பேங்க் சார்ஜ், தபால், கஸ்டம்ஸ் எல்லாம் சேந்தா ஒத்தக் காசுக்குக் கட்டாது.

செம்புப்பிரியன்:
எதுன்னு கேட்டா நான் மொதல்ல செம்புதான் சொல்லுவேன். ராஜராஜன் செம்புக்காசு ஒருபக்கம் நிக்கிற ஆளு, கையில பூ, மறுபக்கம் உக்காந்த ஆளு, பக்கத்துல ஸ்ரீ ராஜராஜன்னு எழுத்து. தமிழ் எழுத்துன்னு தேடாத, இந்தி எழுத்து மாதிரியான நாகரிலதான் இருக்கும். ஏறக்குறைய நாலு கிராம். இலங்கையிலயும் ஏராளமா கெடச்ச காசு, அதுனால தேஞ்சது ரொம்ப சீப்பா வரும், எழுத்து தெளிவா இருக்கிற பீஸுக்கு கொஞ்சம் கூடக் குடுக்கலாம். நாலு மொக்கக் காசு வாங்குறதவிட எழுத்து முழுசா நிக்கிற ஒண்ணு வாங்கு, இது என் கட்சி.

ரோமன்ல வெள்ளி தெனாரியஸ் உன் பட்ஜெட்டுக்கு சிக்காது. ஆனா கான்ஸ்டன்டைன் காலத்துச் சின்ன வெண்கலக்காசு, ஓநாய்கிட்ட ரெண்டு பிள்ளைங்க பால் குடிக்கிற படம் போட்டது, 330லேர்ந்து அடிச்சது, அது லட்சக்கணக்குல அடிச்சதுனால விலை கம்மி. அந்த மாதிரி சின்ன ரோமன் காசுகள் கரூர் அமராவதி ஆத்துமணல்லயும் கெடச்சிருக்கு.

ஆனா குடுக்கிற விலைக்கு மீறின சரக்குன்னா அது மேற்கு சத்ரபர்னு குஜராத் பக்கம் ஆண்ட ராஜாக்களோட வெள்ளிக்காசு. ரெண்டு கிராம்தான், சுண்டுவெரல் நகம் அளவு இருக்கும், ராஜா தலைக்குப் பின்னால வருஷமே போட்டிருப்பான். சக வருஷம்ங்கிற பழைய கணக்கு, கிபி ஆக்க 78 கூட்டணும். 190ன்னு இருந்தா கிபி 268. ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னால தேதி போட்ட வெள்ளிக்காசு இந்த விலைக்கு வேற எங்க கெடைக்கும் சொல்லு!

கோட்டாறு அண்ணாச்சி:
தங்கப்பணத்துக்கு யாருமே பதில் சொல்லலியே. வீரராயன் பணம் கால் கிராமுக்கு மேல, ஒரு 0.35 கிராம் ஓட்டி இருக்கும். இன்னைக்கு தங்கம் விக்கிற விலையில அத நீயே பெருக்கிப் பாரு, உருக்கினாலே அதுக்கு மேல வரும், அப்புறம் அவன் எதுக்கு 1500க்கு தாறான்? போலியாக்கும். விட்டுரு.

அதோட மண்ண தோண்டும்போது கெடச்சதுன்னு சொல்லி வாறவன்கிட்ட வாங்காண்டாம். 1878ம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கு, பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கெடச்சா கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும். நூறு வருஷம் தாண்டின காசு 1972 சட்டப்படி தொல்பொருள், அதுனால நாளைக்கு நீ வெளிநாட்டுல வித்துரலாம்னும் நெனைக்காத. பில்லோட வாங்கு, பில்லையும் காசோட வை.

போலின்னா, அச்சுல வார்த்த காசுக்கு ஓரத்துல ஒரு கோடு ஓடும், இல்லன்னா அத அரம் போட்டு ராவியிருப்பான். மேல ஊசி குத்தின மாதிரி சின்னச் சின்னக் குழி, எழுத்தெல்லாம் சோப்புக்கட்டி தேஞ்ச மாதிரி மழுங்கி இருக்கும். ரெண்டு காசுல ஒரே இடத்துல ஒரே நெளிவு இருந்தா ரெண்டையும் விடு. 1818 கிழக்கிந்தியக் கம்பெனின்னு போட்டு ராமர் பட்டாபிஷேகம், அனுமார் படம் எல்லாம் திருவிழாக் கடையில விப்பான் பாத்திருப்ப, கம்பெனி அப்படி ஒரு காசே அடிக்கல.

பின்ன, வீட்ல இருக்கிற சக்கரத்த எதையும் புளி போட்டுத் தேய்ச்சுராத மக்கா. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய்னு நம்ம ஊர்ல நடந்த கணக்கு. சக்கரப் பலகை கெடச்சா எனக்குச் சொல்லு, குழிகுழியா இருக்கும், சக்கரத்த அள்ளிப் போட்டு எண்ணுற பலகை.

தக்கலைக்காரன்:
தங்கப்பணம் விட்டாச்சு அண்ணாச்சி. ஒரு சத்ரபர் லாட் பாத்தேன், 2.1 கிராம்னு போட்டிருக்கு, ஸ்டார்ட்டிங் 900. தலைக்குப் பின்னால ஒரு எழுத்து தெரியுது, மத்தது வெளிம்புல வெட்டுப்பட்டு போயிருக்கு.

செம்புப்பிரியன்:
அது நூறுக்கான குறியா இருக்கும், அதுல நூறுக்கு ஒரு குறி, பத்துக்கு ஒண்ணு, ஒத்தைக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வரும். பாதி காசுல தேதி இப்படித்தான் வெளிய போயிடும், விலையும் அதுக்குத்தான் கம்மி. பரவால்ல, மறுபக்கத்துல ராஜா பேரும் அப்பன் பேரும் பிராமிங்கிற பழைய எழுத்துல சுத்தி இருக்கும், அது தெரிஞ்சா ஆளக் கண்டுபிடிச்சிரலாம். மறுபக்கப் போட்டோவும் ஓரத்துப் போட்டோவும் கேட்டு வாங்கி இங்கன போடு, பாத்துட்டு சொல்லுதேன். அதுவரைக்கும் பிட் போடாண்டாம்.