பாட்டு பிறக்கும் அறைக்குள் நாம் போகத்தான் வேண்டுமா?

தண்ணீர்மலை வாசி:

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பினாங்கு ஜார்ஜ் டவுனில் மார்க்கெட் வீதிக்குப் பின்னால் ஒரு பழைய கடைவீட்டு மாடியில், ஒலிப்பதிவு ஸ்டூடியோ ஒன்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். யாரும் வரலாம், பார்க்கலாம், கலைஞர்களிடம் பேசலாம். அரை மணி நேரம் இருந்துவிட்டு வருவோம் என்று படியேறினேன். இறங்கும்போது மாலை ஆறு மணி.

உள்ளே இருபது வயதைத் தாண்டாத ஒரு பெண் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாள். 'மழை' என்ற சொல்லில் ழகரம் வழுக்குகிறது என்று இசையமைப்பாளர் நிறுத்தினார். அடுத்த முறை ழகரம் சரியாக விழுந்தது, சுருதி இறங்கிவிட்டது. அதற்கடுத்த முறை இரண்டும் சரி. ஆனால் உயிர் இல்லை என்று அவளே தலையை ஆட்டினாள். பதினோராவது முறை, கடைசிச் சொல்லுக்கு முன்னால் அவள் மூச்சு வாங்கிய சத்தமும் சேர்ந்து பதிவானது. அழித்துவிடலாமா என்று கேட்டாள். "இருக்கட்டும்" என்றார் அவர்.

பாட்டு முந்தாநாள் வெளிவந்தது. அந்த மூச்சு வரும் இடத்துக்காகக் காத்திருந்து கேட்கிறேன். முப்பது வருடமாக வானொலி கேட்பவள் நான். ஒரு மூச்சுக்காக இதற்குமுன் காத்திருந்ததில்லை.

2006-இல் மலேசிய ராப் குழுவான யோகி பி நட்சத்ராவின் 'வல்லவன்' இசைத்தொகுப்பு இங்கிருந்து கிளம்பித் தமிழ்நாட்டு இளைஞர்களின் வாயில் புகுந்தது. அதற்குப் பிறகும் நம் கல்யாண வீடுகளில் ஒலிப்பது சென்னைப் படப்பாட்டுதான். உள்ளூர்ப் பாடகர் ஐந்து பேரின் பெயரைச் சொல்லச் சொன்னால் நம்மில் பாதிப் பேர் விழிப்போம். மாதத்துக்கு ஒருமுறையாவது இப்படிப்பட்ட இடங்களுக்கு நாம் போக வேண்டும் என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

செந்தூல் கேட்பவன்:

அக்கா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் கிடங்கு ஒன்றில் இரவு வேலை பார்க்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வீட்டில் பகல் வெளிச்சத்தைப் பார்க்கிறேன். அன்று கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் வந்து, படகும் ஏறி, ஒரு பாட்டு பிறப்பதைப் பார்க்க என்னால் முடியாது. போன வருடம் மட்டும் போனில் தேடித் தேடி நாற்பது மலேசியத் தமிழ்ப் பாட்டுகளைச் சேர்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைப் பாடியவரைக்கூட நான் நேரில் கண்டதில்லை. அதனால் அந்தப் பாட்டுகள் எனக்குக் குறைந்துவிட்டனவா?

சமையல் ருசியாக இருந்தால் சாப்பிடுகிறவன் அடுப்படிக்குள் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். இங்கே கோலாலம்பூரில் இரண்டு முறை இப்படிப்பட்ட நிகழ்வுக்குப் போனேன். ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரிந்த முப்பது பேர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலைச் சட்டையுடன் ஓரமாக நின்ற என்னிடம் யாரும் பேசவில்லை.

பிறை உறுமி:

இரண்டு பேருக்கும் வணக்கம். என் தாத்தா ரப்பர் தோட்டத்தில் உறுமி மேளம் அடித்தவர். நானும் அடிக்கிறேன். திறந்த ஸ்டூடியோ புதிய விஷயம் என்பதுபோல் பேசுகிறீர்கள். தோட்டத்தில் கோயில் கொட்டகைதான் எங்கள் ஸ்டூடியோ. அதற்குக் கதவே கிடையாது. திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே இரவில் ஒத்திகை தொடங்கிவிடும். பால்மரம் வெட்டிக் களைத்தவர்கள் வந்து உட்காருவார்கள். அடி தப்பினால் கிழவிகூடச் சொல்வாள். சிறுவர்கள் தகர டின்னில் தாளம் போட்டுப் பழகினார்கள். நானும் அப்படித்தான் கற்றேன்.

தோட்டங்கள் விற்கப்பட்டன, ஜனங்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். அங்கே உறுமியைத் தொட்டாலே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, காலையில் அவருக்கும் வேலை. அதனால்தான் எங்கள் இசை சத்தம் வெளியே போகாத அறைக்குள் ஒடுங்கியது. மூடிய பிறகுதான் திறப்பதற்கு நாள் குறிக்க வேண்டியிருக்கிறது.

செந்தூல் தம்பி, ஒன்று கேளுங்கள். உறுமியின் ஒரு பக்கத்தைக் குச்சியால் அடிக்கிறோம். மறுபக்கத்தை அடிப்பதில்லை, வளைந்த குச்சியைத் தோலின்மேல் அழுத்தித் தேய்க்கிறோம். அந்த உறுமல் காதுக்கு வருமுன் நெஞ்சுக்கூட்டில் இறங்கும். தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும். போனில் அது வண்டு பறக்கிற சத்தம்போல்தான் கேட்கும். நீங்கள் சேர்த்த நாற்பது பாட்டில் உறுமி இருந்தால், அதில் பாதியை நீங்கள் இன்னும் கேட்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் மெட்டு:

நான் இசையமைப்பவள், சொந்தமாகச் சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். திறப்பதை எதிர்க்கிறேன். வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஒருமுறை திறந்து பார்த்தேன். ஆட்கள் பார்க்கும்போது பாடகர் மைக்கை மறந்துவிட்டு முகங்களுக்காகப் பாடுகிறார். நாற்காலி கிறீச்சிடுகிறது. நல்ல பதிவு ஒன்றின் நடுவில் ஒருவரின் போன் அடித்தது. அந்த உணர்ச்சி அன்று முழுக்கத் திரும்ப வரவே இல்லை. தப்புச் செய்வதற்குப் பாடகருக்கு ஒரு தனியிடம் வேண்டும். தண்ணீர்மலை அக்கா ரசித்த அந்தப் பத்து தோல்விகளும் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்தன என்று யாராவது அவளைக் கேட்டோமா?

அடுத்தது பணம். வந்தவர்கள் கைதட்டினார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள். செந்தூல் தம்பிக்கும் இதைச் சொல்ல வேண்டும். ஸ்போட்டிஃபையில் முப்பது விநாடியாவது ஓடினால்தான் ஒரு கேட்பு என்று கணக்கு. 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் 1,000 கேட்புகள்கூடச் சேராத பாட்டுக்கு ஒரு காசும் கிடையாது. நம் பிள்ளைகளின் முதல் பாட்டுகள் பலவும் அந்த எல்லைக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. இந்த முப்பது விநாடிக்குப் பயந்து நானே முன்னிசையை வெட்டியிருக்கிறேன். இருபது விநாடி நாகஸ்வரம், அவ்வளவு அழகாக வந்திருந்தது. இன்றும் அதற்காக வருந்துகிறேன்.

தண்ணீர்மலை வாசி:

அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை, தங்கச்சி. கேட்டிருக்க வேண்டும். இரண்டு நாளாக அது என் மனத்தை அரிக்கிறது.

ஆனால் பணத்துக்கு ஒரு வழி நம் ஊரிலேயே இருக்கிறதே. கோலாலம்பூரில் உங்கள் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற கலை அமைப்பு 1981 முதல் இசையும் நடனமும் வளர்க்கிறது. அதைச் சேர்ந்த அன்னலட்சுமி உணவகங்கள், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மனத்துக்குத் தோன்றியதைக் கொடுக்கலாம் என்ற முறைக்குப் பெயர் பெற்றவை. ஸ்டூடியோ வாசலிலும் ஓர் உண்டியல் இருக்கட்டும், போட்டுவிட்டுப் படியேறுவோம். கேட்டு வாங்க நம் கலைஞர்கள் கூச்சப்படுகிறார்கள், அவர்கள் கேட்காததால் நாமும் கொடுப்பதில்லை.

இங்கே பினாங்கில் ஹின் பஸ் டிப்போ என்ற பழைய பஸ் பணிமனையை 2014-இல் கலைக்கூடமாக்கினார்கள். சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் குடும்பத்தோடு வந்து ஓவியர்களிடம் கேள்வி கேட்கிறார்கள். நான் போகும் நாட்களில் நம்மவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

செந்தூல் கேட்பவன்:

பிறை அண்ணா, உறுமி விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் விடமாட்டேன்.

பினாங்கு என்றீர்களே, அங்கிருந்து வந்த ஆலிகேட்ஸ் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள். மலாய் மொழியில் பாடி நாட்டையே கேட்கவைத்தார்கள். லோகநாதன் 2007-இல் இறந்தபோது எங்கள் லோரோங்கில் (சந்தில்) மலாய்க் குடும்பங்களும் வருந்தின. அவர்கள் பாடியதை என் அப்பா எந்த ஸ்டூடியோவில் போய்ப் பார்த்தார்? கேசட்டில் கேட்டார். லாரி ஓட்டிக்கொண்டே கேட்டார். கேசட்டும் வானொலியும் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே பாட்டைத்தான் கொடுத்தன. ஞாயிற்றுக்கிழமை நேரம் இருக்கிறவர்களுக்கு மட்டும் பாட்டின் உயிர் தெரியும் என்றால், என்னைப் போன்றவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறீர்கள் என்றுதான் பொருள்.

கெடா மாணவி:

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். எனக்குப் போக ஆசை. ஆனால் யாரையும் தெரியாமல் எப்படி உள்ளே போவது, என்ன பேசுவது? செந்தூல் அண்ணன் ஓரமாக நின்ற கதையைப் படித்ததும் பயமாக இருக்கிறது.

தண்ணீர்மலை வாசி:

பயப்படாதே அம்மா. செருப்பைப் படியில் விட்டுவிட்டுப் போ, போனை அணைத்துவிடு. மெட்டு தங்கச்சி சொன்னது நினைவிருக்கட்டும். பாடி முடித்தபின் பேசு. 'நன்றாக இருந்தது' என்று சொன்னால் அவர்கள் நன்றி சொல்வார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். 'இந்தப் பாட்டில் எதை வெட்டி எறிந்தீர்கள்?' என்று கேட்டுப் பார். அன்று நான் அதைக் கேட்டதும் அந்த இசையமைப்பாளர் எழுந்துபோய், தூக்கி எறிந்த ஒரு சரணத்தை எனக்காக ஓடவிட்டார். அது வேறு எங்கும் இனி ஒலிக்காது.

செந்தூல் தம்பி, உங்களைத் தனியாக நிற்கவைத்தது எங்கள் பக்கத்துத் தவறு. வருகிறவர்களை வரவேற்க வாசலில் ஓர் ஆள் நிற்க வேண்டும். கோயிலில் நிற்பதில்லையா?

பிறை உறுமி:

நான் ஒன்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு எங்கள் குழு இங்கே பட்டர்வொர்த் பக்கத்துப் பிறையில், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் திடலில் ஒத்திகை பார்க்கிறது. உண்டியலும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். வந்து நின்று கேளுங்கள். நாங்கள் சொல்லும்வரை படம் எடுக்கக் கூடாது. புதிதாக இரண்டு பையன்கள் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களுடைய கை இன்னும் நடுங்குகிறது.

பிரிக்பீல்ட்ஸ் மெட்டு:

எத்தனை மணிக்கு அண்ணா? இந்த வாரம் எப்படியும் பட்டர்வொர்த்தில் எனக்கு வேலை இருக்கிறது. மைக் இரண்டு கொண்டுவரலாமா? உறுமியின் தேய்க்கும் பக்கத்துக்கு அருகில் ஒன்று, பத்தடி தள்ளி ஒன்று. அந்த அடித்தொனியை என்னால் இதுவரை ஒழுங்காகப் பிடிக்க முடிந்ததில்லை. பையன்களை ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் பையைத் திறக்கமாட்டேன்.

பிறை உறுமி:

எட்டரைக்கு. பையன்களைக் கேட்டேன். ஒருவன் சரி என்கிறான், மற்றவன் அடுத்த வாரம் என்கிறான். மைக் அடுத்த வாரம் வரட்டும். இந்த வாரம் நீங்கள் மட்டும் வாருங்கள். மழை பெய்தால் தோல் தொய்ந்துவிடும், தப்புப் பறையைக் காய்ச்சத் தீ மூட்டுவோம், தொடங்கத் தாமதமாகும்.

செந்தூல் கேட்பவன்:

பதிவு எடுத்ததும் எனக்கு அனுப்புங்கள், மெட்டு அக்கா. முன்னிசையை வெட்டாமல் அனுப்புங்கள். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது முழுதும் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.