புதுப்பிப்பு: அப்பாவைப் பற்றி இன்னும் கொஞ்சம்

சென்ற மாதம் அப்பா மறைந்ததை இங்கே எழுதியிருந்தேன். சென்னை பெரம்பூரில் ரயில் பெட்டிகள் செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் அவருக்கு என்ன வேலை என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஷெல் பிரிவில் வெல்டர். ரயில் பெட்டியின் எஃகுக் கூடு உருவாகும் இடம் அதுதான்; இருக்கை, விளக்கு, மின்விசிறியெல்லாம் பிறகு ஃபர்னிஷிங் பிரிவில் பொருத்தப்படும். தீப்பொறி பட்ட பொத்தல் இல்லாத காக்கிச் சட்டை ஒன்றுகூட அவரிடம் இருந்ததில்லை. வெல்டிங் வெளிச்சம் தாக்கிய இரவுகளில் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல உறுத்தும். அம்மா உருளைக்கிழங்கை வில்லையாக நறுக்கி இமைமேல் வைப்பார். மறுநாள் சங்கு ஊதுமுன் அப்பா சைக்கிளில் கிளம்பியிருப்பார். மிகைநேர வேலையைத் தட்டவே மாட்டார். தங்கையின் கல்லூரிக் கட்டணம் முழுக்க அந்தப் பணம்தான்.

ஓய்வுக்குப் பிறகு பேரன்தான் அவருக்கு உலகம். பின்னாளில் வந்தே பாரத் என்று பெயர் பெற்ற ரயில் 2018-இல் அதே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது, செய்தித்தாளை மடியில் விரித்து, “இது எங்கள் பட்டறைப் பிள்ளையடா கண்ணா” என்று அவனுக்குக் காட்டினார். அவன் பெட்டிகளை எண்ண, இவர் ஒவ்வொன்றாக விரல் வைத்துக்கொண்டே போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அயனாவரத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், தனக்கு வெல்டிங் கற்றுக்கொடுத்ததே அப்பாதான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எங்களுக்கு அது தெரியவே தெரியாது. தன்னைப் பற்றி அப்பா ஒருநாளும் பேசியதில்லை.

அம்மா மெல்லத் தேறி வருகிறார். விசாரித்த அனைவருக்கும் நன்றி.